நாகர்கோவில் மேயர் செய்கிற வேலைகளை எதை வச்சு எடை போடுறது?

புத்தேரிக்காரன்:

நம்ம ஊர் 2019-இல் மாநகராட்சி ஆச்சு. 2022 மார்ச்சில் மகேஷ் முதல் மேயரா வந்தார். அன்னையிலிருந்து ரோடு அகலப்படுத்துறது, மழைத்தண்ணி போக ஓடை கட்டுறது, வலம்புரிவிளை குப்பைக் கிடங்கைக் குறைக்கிறது, பஸ் ஸ்டாண்டைச் சீராக்குறதுன்னு ஏதாவது ஒரு வேலை நடந்துகிட்டே இருக்கு. மேயர் நேரில் வந்து பார்க்கிறார்னு மெச்சுகிறவங்க இருக்காங்க. வரியை ஏத்தினது இதுக்குத்தானான்னு கோபப்படுறவங்களும் இருக்காங்க. ரெண்டு பக்கமும் பேச்சு கடைசியில் கட்சிக்குத்தான் போய் நிக்குது.

எனக்கு வேண்டியது வேற. தெருவில் நடக்கிற வேலை நல்ல வேலையான்னு சாதாரண ஆள் எதைப் பார்த்துச் சொல்ல முடியும்? வார்டு மக்கள் கூடிக் கேள்வி கேக்கிற பகுதி சபாவில் எழுந்து நின்னு கேக்கிற மாதிரி, அளவோட சொல்லுங்க. தெரிஞ்சவங்க எழுதினா நல்லா இருக்கும்.

பார்வதிபுரம் சைட்:

ரோட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எத்தனை கிலோமீட்டர் தார் போட்டார்கள் என்ற கணக்கை நான் பெரிதாக எடுக்க மாட்டேன். மண்ணுக்குள் போக வேண்டியதெல்லாம் போன பிறகு தார் போட்டார்களா என்பதுதான் முதல் கேள்வி. குடிநீர்க் குழாய், வீட்டு இணைப்பு, பாதாள சாக்கடை, ஓடை, மின்சார கேபிள், இதெல்லாம் முடிந்து கடைசியில் வர வேண்டியது தார். நம் ஊரில் பாதாள சாக்கடைக்காக வருஷக்கணக்கில் ரோட்டைத் தோண்டினார்கள். புத்தன் அணைக் குடிநீர்த் திட்டத்துக்கும் குழாய் போட வேண்டியிருந்தது. ஒரே தெருவை இரண்டு துறைகள் வேறு வேறு மாதத்தில் வெட்டினால் எந்த மேயர் வந்தாலும் அந்த ரோடு நிற்காது.

வெட்டின பள்ளத்தை மூடுவதில்தான் பாதிக் கேடு நடக்கிறது. 15 முதல் 20 செ.மீ. கனத்துக்கு ஒரு அடுக்கு மண் போட்டு, நனைத்து, இடிப்பு மெஷின் ஓட்டி, பிறகு அடுத்த அடுக்கு போட வேண்டும். ஜேசிபியால் ஒரே தள்ளாகத் தள்ளி மேலே மட்டும் ரோலரை ஓட்டினால், மேல்பாகம் கெட்டியாகத் தெரியும், அடியில் பொலபொலவென்று கிடக்கும். முதல் மழையில் தண்ணீர் இறங்கி, குழாய் போன தடத்திலேயே ரோடு நீளமாகத் தாழும். தாழ்ந்த கோடு நேராக இருந்தால் பிழை பள்ளம் மூடினதில். அங்கங்கே குழி விழுந்தால் பிழை பெரும்பாலும் தார்க் கலவையிலோ அதைப் போட்ட விதத்திலோ.

தார் போடும் அன்று பார்க்க வேண்டியது மூன்று. முதலாவது, பழைய தாரைச் சுரண்டினார்களா என்பது. சுரண்டித்தான் புது ரோடு போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் 2021-லேயே உத்தரவு போட்டிருக்கிறார். சுரண்டாமல் போட்டால் ஒவ்வொரு தடவையும் 3 முதல் 5 செ.மீ. உயரும். நாலு தடவை போட்டால் வீட்டு நடை ரோட்டுக்குக் கீழே போய்விடும். வேலைக்கு முன்னாலேயே உங்கள் வாசல் படிக்கும் ரோட்டுக்கும் உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்து, போட்டோ எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, பழைய தார் மேல் எமல்ஷன், அதாவது ஒட்டுவதற்கான தார்க் கரைசல், தெளிப்பது. சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் போதும். தெளித்ததும் பழுப்பாக இருக்கும், கறுத்த பிறகுதான் கலவை கொட்ட வேண்டும். தூசியைக் கூட்டாமல் தெளித்தால் புதுத் தார் அப்பளம் போலப் பெயர்ந்து வரும்.

மூன்றாவது சூடு. லாரி தார்ப்பாய் மூடித்தான் வர வேண்டும். ரோலர் வேலை முடியும்போதும் கலவையில் 90 டிகிரிக்குக் குறையாமல் சூடு இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் எத்தனை தடவை ஏறினாலும் இறுகாது. சாயங்காலம் தூற்றல் விழும்போது அவசரமாகப் போட்டு முடித்த ரோடு ஆறு மாசத்தில் ஜல்லியாகக் கிடப்பது இதனால்தான்.

இன்னொரு சோதனை யாரும் செய்யலாம். 5 மீட்டர் அகலத் தெருவில் நடுப்பகுதி ஓரத்தைவிட 5 அல்லது 6 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். கொத்தனாரிடம் இருக்கும் ரசமட்டக் குழாயும் நூலும் போதும்.

காலத்தையும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை, இரண்டும் உண்டு. நிம்மதியாகத் தார் போடக் கிடைப்பது ஜனவரி முதல் ஏப்ரல் பாதி வரைதான். அப்படியானால் டெண்டர் டிசம்பருக்குள் முடிந்திருக்க வேண்டும். பிப்ரவரி கடைசியில் டெண்டரைத் திறந்து மார்ச் 31-க்குள் பில் போட ஓடுவது தரத்தைக் கொல்லும். மேயரிடம் நான் கேட்பது இந்தக் காலண்டரைத்தான்.

வடசேரி அக்கா:

ரோட்டிலேயே நின்னுராதீங்க. ஊர் சுத்தத்தில் மாற்றம் வந்திருக்குங்கிறதை ஒத்துக்கணும். வலம்புரிவிளையில் பல வருஷமா மலை மாதிரி கிடந்த குப்பை அடிக்கடி தீப்பிடிச்சு, பக்கத்துத் தெருக்களில் ஜன்னல் திறக்க முடியாது. அதைச் சலிச்சுப் பிரிக்கிற வேலையில் இறங்கினதே பெரிய காரியம்.

அந்த வேலை நடக்கிற விதம் தெரிஞ்சா கேள்வி கேக்கலாம். குப்பையைக் கிளறி வரிசையா குவிச்சு, நுண்ணுயிர்க் கரைசல் தெளிச்சு, வாரத்துக்கு ஒருக்கா புரட்டிக் காய வைக்கணும். காய்ஞ்ச பிறகு சுத்துற சல்லடையில் போட்டா மண் தனியா, கல் தனியா, பிளாஸ்டிக்கும் துணியும் தனியா வரும். பிளாஸ்டிக் சிமென்ட் ஆலைக்கு எரிக்கப் போகும். மழைக்காலத்தில் ஈரக் குப்பையைச் சல்லடையில் ஏத்தினா மண்ணு பிளாஸ்டிக்கில் அப்பி சல்லடைக் கண் அடைஞ்சிரும். அதனால் ஜூலையில் எத்தனை டன் சலிச்சோம்னு பெரிய கணக்கு காட்டினா, எந்தக் கொட்டகையில் காய வச்சீங்கன்னு கேளுங்க. பிரிச்ச பிளாஸ்டிக் லாரி ஏறிப் போன எடைச் சீட்டையும் கேளுங்க. பிரிச்சு அங்கேயே ஒரு மூலையில் குவிச்சு வச்சா பழைய கதைதான்.

தீ விஷயமும் அப்படித்தான். அடியில் அழுகுற ஈரக் குப்பையிலிருந்து வர்ற மீத்தேன் வாயு தீப்பிடிச்சு, குப்பை உள்ளேயே கனியும். மேலே தண்ணி அடிச்சா புகை அடங்கும், தீ அடங்காது. தோண்டிப் பரப்பி, நனைச்சு, மண் போட்டு மூடணும்.

ஆனா பழைய குப்பையைச் சலிச்சு முடிச்சாலும், தினமும் பிரிக்காத குப்பை அங்க போய் விழுந்தா என்ன பிரயோசனம்? இதில் நம்ம பங்கு இருக்கு. மக்குறது, மக்காதது, நாப்கின் மாதிரி சுகாதாரக் கழிவு, மருந்து பாட்டில் மாதிரி ஆபத்தானது, எல்லாத்தையும் தனித்தனியா வைக்கணும். நம்ம ஊர்ல மீன் கழிவுதான் பெரிய தொல்லை. ஒரு பங்கு மீன் கழிவுக்கு ரெண்டு பங்கு தென்னை நார்த்தூளோ காய்ஞ்ச இலையோ போட்டு மூடினா நாத்தமும் புழுவும் குறையும். சக்கை (பலாப்பழம்) சீசன்ல மடலும் தோலும் முழுசா கொடுக்காம சின்னதா வெட்டிக் கொடுங்க. முழுசா போட்டா உரத்தொட்டியில் மத்ததெல்லாம் மக்கின பிறகும் அது மட்டும் அப்படியே கிடக்கும்.

கோட்டாறு சந்தைப்பக்கம்:

அகலப்படுத்துறது நல்லதுதான், செட்டிகுளம் வேப்பமூடு பக்கமெல்லாம் சாயங்காலம் வண்டி நகராது. ஆனா ஊரை அழகாக்குறோம்னு ஆரம்பிச்சா எல்லா ஊர்லயும் முதல்ல தூக்குறது கூடையையும் தள்ளுவண்டியையும்தான். இதில் எனக்குக் கடும் வருத்தம் உண்டு.

2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டத்தை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். கணக்கெடுப்பு முடிஞ்சு சான்றிதழ் கொடுக்கிறதுக்கு முன்னாடி யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாத்தணும்னா 30 நாள் நோட்டீஸ் கொடுக்கணும். நகர விற்பனைக் குழுன்னு ஒண்ணு இருக்கணும். அதில் வியாபாரிகள் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அந்தப் பிரதிநிதிகளில் மூணில் ஒரு பங்கு பெண்கள். பறிச்ச சரக்கு மீன், பூ, காய்கறி மாதிரி கெட்டுப்போறதா இருந்தா, அபராதம் கட்டி கேட்ட அன்னைக்கே திருப்பிக் கொடுக்கணும். மத்த சரக்குன்னா ரெண்டு வேலை நாளுக்குள்ள.

மாத்து இடம் கொடுத்தாச்சுன்னு சொன்னா அது எங்கேன்னு பாருங்க. பஸ் இறங்கிற இடத்திலிருந்து ஆள் நடந்து போற வழியில் இல்லாத இடம் வியாபாரத்துக்கு ஆகாது. மீனுக்குத் தண்ணிக் குழாயும் கழிவு போக ஓடையும் இல்லாம சிமென்ட் மேடை மட்டும் கட்டிக் கொடுத்தா, ஒரு மாசத்தில் அந்த மேடை பைக் ஸ்டாண்டா மாறும். பெண்களுக்குக் கழிப்பறை வேணும், பொருள் பூட்டி வைக்க இடம் வேணும். இதைச் செஞ்சுட்டு அகலப்படுத்தட்டும், நானே கைதட்டுவேன்.

புத்தேரிக்காரன்:

நன்றி அண்ணாச்சி, இந்த நோட்டீஸ் விவரம் எனக்குத் தெரியாது. வரி ஏத்தினது மேயரா, அரசாங்கமா? அப்புறம் ஓடை புதுசா கட்டியும் மழை பெஞ்சா ஏன் தண்ணி நிக்குதுன்னு யாராவது சொல்லுங்க.

பார்வதிபுரம் சைட்:

வரி உயர்வு மாநிலம் முழுக்க 2022-இல் அரசு முடிவு செய்தது. வீடுகளுக்கு 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,800-க்கு மேல் 100 சதவீதம் என்று படிப்படியாக. அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளில், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. ஓடை பற்றி என்னைவிட நன்றாகச் சொல்கிற ஆள் இங்கே உண்டு.

சானல்கரை:

ஓடையில் தண்ணீர் நிற்க இரண்டு காரணம். ஒன்று சரிவு. 300-க்கு 1 என்று வைத்தால் 100 மீட்டர் நீளத்துக்கு 33 செ.மீ. இறங்க வேண்டும். தெருவைப் பார்த்து ஓடை கட்டுகிறவர்கள், ரோட்டு மட்டத்துக்கு இணையாக அடித்தளத்தையும் போட்டுவிடுகிறார்கள். ரோடு மேடு ஏறினால் ஓடையும் ஏறுகிறது. மூடி போடுவதற்கு முன் ஒரு பக்கம் நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எங்கே தேங்குகிறது என்று கண்ணில் தெரியும். மூடி போட்ட பிறகு யாருக்கும் தெரியாது. மூடிப் பலகைகளைச் சிமென்ட் வைத்து ஒட்டவும் விடாதீர்கள். இரண்டு ஆள் கொக்கி போட்டுத் தூக்குகிற எடையில் துண்டு துண்டாக இருந்தால்தான் மண் வார முடியும்.

இரண்டாவது காரணம் பெரியது. இந்த ஓடைகள் எங்கே போய் விழுகின்றன? பாதி அனந்தனாறு சானலிலும் குளங்களிலும், மீதி பழையாற்றிலும். சானல் என்பது பாசன வாய்க்கால். கன்னிப்பூ என்கிற முதல் போக நெல்லுக்கு ஜூனில் அணை திறந்தால் சானல் நிறைந்து ஓடும். மழையும் அதே மாதத்தில்தான் வரும். ஓடையின் வாய் சானலின் நிறைமட்டத்துக்குக் கீழே இருந்தால் தெருத் தண்ணீர் உள்ளே இறங்காது, சானல் தண்ணீர்தான் தெருவுக்குள் எதிர்த்து ஏறும். எத்தனை கோடிக்கு ஓடை கட்டினாலும் வாய் மட்டம் தப்பினால் பயனில்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: ஓடை வாயின் அடிமட்டம் என்ன, சானலின் நிறைமட்டம் என்ன? இரண்டு எண்ணையும் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

சானலும் பழையாறும் நீர்வளத்துறைக்குச் சொந்தம், மாநகராட்சிக்கு அல்ல. தூர் வார மேயர் மட்டும் நினைத்தால் போதாது. பாசனத்துக்குத் தண்ணீர் அடைக்கிற மார்ச் முதல் மே வரைதான் சானலுக்குள் இறங்க முடியும். அந்த மூன்று மாதத்துக்குள் இரண்டு துறையும் சேர்ந்து இறங்குகிறதா என்பதே மேயரின் திறமைக்குச் சோதனை. இதுவரை நடந்தது எனக்குப் போதவில்லை. இன்னொன்று, செப்டிக் டேங்க் வழிநீரை மழை ஓடையில் விட்ட வீடுகள் ஊரெங்கும் உண்டு. அந்தத் தண்ணீர் சுசீந்திரம் பக்கத்து வயலுக்கும் மணக்குடிக் காயலுக்கும் போகிறது. பாதாள சாக்கடை இணைப்பு கொடுத்த தெருக்களில் இந்தக் குழாய்களை அடைக்காமல் விட்டால், சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டிய கழிவு நெல்லுக்குப் பாயும். ஓட்டுக்குப் பயப்படாமல் இதை அடைக்கிற மேயரைத்தான் நான் நல்ல மேயர் என்பேன்.

வடசேரி அக்கா:

அடைச்சுட்டு இணைப்புக் கட்டணத்தை ஏழை வீட்டுக்கு ஒரே தடவையில் கட்டச் சொல்லக் கூடாது, தவணை வேணும். இல்லன்னா ராத்திரியோட ராத்திரியா திரும்ப உடைச்சு விட்டுருவாங்க.

சானல்கரை:

சரிதான் அக்கா, தவணை இருந்தால்தான் நடக்கும்.

பகுதி சபாவுக்கு: வார்டு குழு, பகுதி சபா விதிகள் 2022-இல் வந்தன. வாயால் சொன்னால் காற்றோடு போகும், மனுவாக எழுதி தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமை மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். "ரோடு ஏன் மோசம்" என்று கேட்டால் பதில் வராது. வேலையின் பெயர், தெரு, ஆண்டு போட்டு, மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், முடித்த வேலையை அளந்து எழுதுகிற அளவுப் புத்தகத்தின் நகல், குறை சரிசெய்யும் பொறுப்புக் காலம் முடியும் தேதி, இந்த நாலையும் கேளுங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. அளவுப் புத்தகத்தில் எழுதின கனமும் தெருவில் இருக்கிற கனமும் ஒன்றா என்று பார்க்க, அதே சட்டத்தில் மாதிரி எடுத்துக் கேட்கவும் வழி உண்டு. குறைப் பொறுப்புக் காலம் முடியும் முன்பே மனு போய்ச் சேர வேண்டும். அதற்குள் என்றால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், தாண்டினால் மறுபடியும் நம் வரிப்பணம்.