1886 நியூயார்க் மேயர் தேர்தல்: ஹென்றி ஜார்ஜ் தோற்றாரா, தோற்கடிக்கப்பட்டாரா?

மண்வாசனை:
இந்தத் தேர்தல் என்றாலே "பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட், 28 வயதில் குடியரசுக் கட்சி சார்பில் நின்று மூன்றாவதாக வந்தார்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இரண்டாவதாக வந்தவரை யாரும் கேட்பதில்லை. அவர் தொழிற்சங்கங்கள் நிறுத்திய ஹென்றி ஜார்ஜ். நிலத்தின் மதிப்பு ஊரே சேர்ந்து உண்டாக்கியது, வரியை அதன்மேல் போடுங்கள் என்றவர். அவருக்குக் கிடைக்க வேண்டிய வெற்றியை, நியூயார்க் ஜனநாயகக் கட்சியை ஆட்டிவைத்த டாமனி ஹால் என்ற அமைப்பு திருடிக்கொண்டது என்பதுதான் என் கருத்து.

பழைய பேப்பர்:
ஏற்க முடியவில்லை. ஜனநாயகக் கட்சியின் ஆப்ரம் ஹ்யூவிட் 90,552, ஜார்ஜ் 68,110, ரூஸ்வெல்ட் 60,435. வித்தியாசம் 22,442. இத்தனை ஓட்டு களவு போனது என்றால் ஆதாரம் வேண்டும். அந்த மே மாதம்தான் சிகாகோ ஹேமார்க்கெட்டில் தொழிலாளர் கூட்டத்தில் குண்டு வெடித்தது. சொத்துள்ளவர்கள் மிரண்டுபோய் இருந்தார்கள். ஜார்ஜ் வந்துவிடக் கூடாது என்று குடியரசுக் கட்சிக்காரர்களே பலர் ஹ்யூவிட்டுக்குப் போட்டார்கள். ரூஸ்வெல்ட்டின் சரிவுக்கு அதுதான் காரணம்.

மண்வாசனை:
சார், ஓட்டு எப்படிப் போட்டார்கள் என்பதையும் பாருங்கள். அரசு அச்சடித்த வாக்குச்சீட்டு அன்று அங்கே கிடையாது. கட்சிகளே அச்சடித்து, சாவடிப் பக்கத்தில் நின்று கொடுக்கும். யார் எந்தக் கட்சியின் சீட்டை வாங்கிப் போகிறார் என்பது எல்லோர் கண்ணிலும் படும். நகராட்சி வேலைக்கு டாமனி ஆட்களின் தயவை நம்பியிருந்த ஒருவர் அவர்கள் எதிரிலேயே ஜார்ஜின் சீட்டைக் கையில் வாங்குவாரா? புதுக் கட்சிக்குச் சாவடிதோறும் அனுபவமுள்ள ஆளும் இல்லை.

தென்றல்:
நீங்கள் இருவரும் கத்தோலிக்க சபையை மறந்துவிட்டீர்கள். ஐரிஷ் தொழிலாளர்கள் உயிராய் நேசித்த பாதிரியார் எட்வர்ட் மக்ளின், பேராயர் காரிகன் தடுத்தும் ஜார்ஜுக்காக மேடை ஏறினார். உடனே பணியிலிருந்து விலக்கப்பட்டார். அப்புறம், குருமார்களில் பெரும்பாலோர் ஜார்ஜுக்கு எதிரானவர்கள் என்று மான்சிஞ்ஞர் பிரஸ்டன் எழுதிய கடிதத்தை டாமனி அச்சடித்துக் கோயில் வாசல்களில் கொடுத்தது. எண்ணும்போது கள்ளத்தனம் நடந்ததோ இல்லையோ, ஜார்ஜின் ஓட்டு அதற்கு முன்பே அங்கே கரைந்திருக்கும்.

பழைய பேப்பர்:
தென்றல் சொல்வது சரி. ஆனால் அது பிரசாரம், திருட்டு அல்ல. இரண்டையும் ஒன்றாக்கினால் ஜார்ஜின் உண்மையான சாதனை மறைந்துவிடும். சில மாதங்களில் உருவான ஒரு கட்சி, ஆபிரகாம் லிங்கனின் குடியரசுக் கட்சியை மூன்றாம் இடத்துக்குத் தள்ளியது. அதைக் கொண்டாடுவோம்.

மண்வாசனை:
கொண்டாடுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். போட்டியிடாமல் இருந்தால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இடம் தருவதாக டாமனி சார்பில் தூது வந்ததாக ஜார்ஜே பிற்பாடு சொன்னார். ஜெயிக்க முடியாதவருக்கு ஏன் இத்தனை பெரிய விலை?

பழைய பேப்பர்:
ஜார்ஜ் பிரிக்கும் ஓட்டில் தாங்களே தோற்றுவிடுவோமோ என்ற பயம். ஆசை காட்டியது கேவலம், மறுக்கவில்லை. பெட்டியில் கைவைத்ததற்கு அது சாட்சி ஆகாது. வாக்குச்சீட்டு முறை பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். அரசே அச்சடிக்கும் ரகசிய வாக்குச்சீட்டு வேண்டும் என்று ஜார்ஜ் 1871-லேயே எழுதினார். மாசசூசெட்ஸ் அதை 1888-ல் கொண்டுவந்தது. 1886-ல் நியூயார்க்கில் அது இருந்திருந்தால் இந்த 22,442 எவ்வளவாகக் குறைந்திருக்கும் என்பதைப் பேசலாம், வாருங்கள்.