மடக்குக் கத்தி: இரண்டரையா, மூன்றா, நாலா?

மஞ்சள்காட்டான், கொடுமுடி

போன வாரம் காலிங்கராயன் வாய்க்காலில் கால் கழுவக் குனிந்தேன். வேட்டி மடியில் செருகியிருந்த மடக்குக் கத்தி நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. வாய்க்கால் நிறையத் தண்ணீர், தேடவில்லை. உண்மையைச் சொன்னால் பெரிய வருத்தமும் இல்லை. மூன்று வருடமாக அந்தக் கத்திக்கும் எனக்கும் ஒத்துப்போகவே இல்லை.

படத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியது. அலகு நாலு அங்குலம். வாங்கும்போது ஒன்றை யோசிக்க மறந்துவிட்டேன். மடக்கினால் அலகு பிடிக்குள் போய்ப் படுக்க வேண்டும், அதனால் பிடி எப்போதும் அலகைவிட நீளமாகத்தான் இருக்கும். நாலு அங்குல அலகு என்றால் மடக்கிய பிறகும் ஐந்து அங்குலம். பட்டாபட்டி டவுசர் பாக்கெட்டில் போட்டால் உட்காரும்போது தொடையில் குத்தியது. சட்டைப் பையில் போட்டால் வெளியே எட்டிப் பார்த்தது. கடைசியில் வேட்டி மடிதான் கதி. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வாய்க்காலில் வந்தது.

பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் சீர்ச் சாமான் மூட்டையின் கயிற்றை அறுக்க அதை விரித்தேன். சுற்றி நின்ற பெண்கள் ஓரடி பின்னால் போனார்கள். என் அத்தை எல்லாருக்கும் கேட்கும்படி, “ஏஞ்சாமி, கல்யாணத்துக்கு வந்தியா, கெடா வெட்டுக்கு வந்தியா?” என்றார். அதற்கப்புறம் நாலு பேர் இருக்கும் இடத்தில் அந்தக் கத்தியை வெளியே எடுக்கவே கூச்சமாகிவிட்டது.

சரி, இந்த மூன்று வருடத்தில் அதை வைத்து என்னதான் செய்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். உர மூட்டையின் தையல் நூலைக் கிள்ளி விட்டேன். சரியான முனையைக் கிள்ளிவிட்டால் நூல் ஒரே இழுப்பில் சரசரவென்று வந்துவிடும், அதற்கு அரை அங்குலம் போதும். சொட்டுநீர்ப் பாசனத்தின் 16 மி.மீ குழாயை அறுத்தேன். வாழைநார், சணல், கொய்யாப்பழம். மஞ்சளுக்குக் கத்தியே வேண்டாம், மார்க்கெட்டில் விரலியை ஒடித்து உள்ளே நிறம் பார்ப்பார்களே தவிர யாரும் அறுப்பதில்லை. ஆக, நாலு அங்குலத்தில் முனைப்பக்கத்து ஒன்றரை அங்குலம் மட்டும் மொட்டையாகிப் போயிருந்தது. மீதி வாய் வாங்கின அன்று இருந்த மாதிரியே இருந்தது.

எங்கள் அப்பாருவிடம், அதாவது தாத்தாவிடம், ஒரு பேனாக்கத்தி உண்டு. வெற்றிலைச் சுருக்குப்பையில் பாக்கோடு கிடக்கும். நான் பார்த்த காலத்தில் தீட்டித் தீட்டி அலகு வேப்பிலை மாதிரி மெலிந்திருந்தது. பெரிய வேலை வந்தால் அவர் அதைத் தொடவே மாட்டார். கட்டுத்தரைக் கூரையில் கொடுவாள் செருகியிருக்கும், வீட்டில் அரிவாள்மனை இருக்கும். தோட்டத்துக்காரனுக்குப் பெரிய அலகு எப்போதும் பத்தடி தூரத்தில் இருக்கிறது. அப்படியிருக்க, மடியிலும் ஒரு பெரிய அலகு எதற்கு என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

புதிதாக ஒன்று வாங்க வேண்டும். நீங்கள் எத்தனை அங்குலம் வைத்திருக்கிறீர்கள், அது போதும் என்றோ போதாது என்றோ எந்த நாளில் தெரிந்தது? விளம்பரத்தில் போட்டிருப்பதை வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

கொரங்காட்டான், காங்கேயம்

எனக்குத் தெரிந்த நாள் ஒரு வைகாசி மதியம். சாவிக்கொத்தில் ஒரு குட்டிக் கத்தி வைத்திருந்தேன். அலகு ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். நூல் அறுக்க, பாக்கெட் பிரிக்க, அதில் ஒரு குறையும் இல்லை. அன்று கிடாரி ஒன்று கொரங்காட்டில், அதாவது எங்கள் மேய்ச்சல் காட்டில், மேய்ந்துகொண்டே போய், கழுத்துக் கயிற்றைக் கிளுவை வேலியில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டது. பயந்து இழுக்க இழுக்க இறுகுகிறது. நாக்கு வெளியே வந்துவிட்டது. கட்டை விரல் கனத்துக்கு நைலான் கயிறு. முடிச்சு அவிழ்கிற நிலையில் இல்லை.

கத்தியை எடுத்தேன். கூர் நன்றாகத்தான் இருந்தது. கையில்தான் நிற்கவில்லை. இரண்டு விரலில் பிடிக்கிற சாமான், வேர்வையில் வழுக்குகிறது, அழுத்தவும் முடியவில்லை. அலகு ஒரு இழுப்புக்குக் கயிற்றைத் தாண்டி வெளியே வந்துவிடுகிறது, மறுபடி வைத்து மறுபடி இழுக்க வேண்டும். எத்தனை இழுப்பு என்று எண்ணவில்லை. கயிறு அறுந்தபோது என் ஆள்காட்டி விரலிலும் ரத்தம். கிடாரி பிழைத்தது, போன மாதம் ஈன்றது.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது பிடி விஷயம். சின்ன அலகோடு சின்னப் பிடிதான் வரும். நாலு விரலும் உட்காராத பிடியில் வலுவான வேலை நடக்காது. இப்போது வைத்திருப்பது 7 செ.மீ அலகு, அதாவது இரண்டே முக்கால் அங்குலம். மடக்கினால் உள்ளங்கை அகலம், விரித்தால் கை நிறையும்.

முனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாட்டுக் கழுத்துப் பக்கம் கத்தி கொண்டு போகும்போது நீண்ட ஊசி முனை ஆபத்து, அது தலையை ஆட்டினால் கண்ணில்தான் போகும். முதுகு வளைந்து இறங்கி, முனை மழுங்கி, வாய் நேர்கோடாக இருக்கிற அலகு வாங்கினேன். வெளிநாட்டில் அதற்கு ஆட்டுக்கால் என்றே பேர். ஆட்டுக் குளம்பு சீவப் பயன்பட்டதாம். நானும் அதற்குத்தான் அதிகம் எடுக்கிறேன்.

பனியன் பேக்கிங், திருப்பூர்

மஞ்சள்காட்டு அண்ணா சொன்ன நாலு அங்குலத்தால் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாம்பிள் பெட்டி ஒன்று திரும்பி வந்திருந்தது. அவசரம். என் சொந்தக் கத்தியை எடுத்து டேப்பின் நடுவில் இறக்கி ஒரே கோடு இழுத்தேன். வெண்ணெயில் போகிற மாதிரி போனது, அதுதான் வினை. அட்டை, அதன் கீழே பாலித்தீன், அதன் கீழே இருந்த இரண்டு டி-ஷர்ட்டின் நெஞ்சுப் பகுதி, எல்லாம் ஒரே கோட்டில் திறந்தது. சூப்பர்வைசர் என்னைத் திட்டவில்லை. டி-ஷர்ட்டைத் தூக்கிப் பிடித்து அந்தக் கிழிசல் வழியாக என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஏற்றுமதிப் பெட்டியின் அட்டை தடிமனாக இருந்தாலும் அரை செ.மீ சுற்றித்தான் இருக்கும். டேப் ஒட்டியிருக்கும் இடுக்கிலோ அட்டையே கிடையாது. அலகு அதற்கு மேல் இறங்கினால் சரக்கு போச்சு. இப்போது கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் அலகின் இரு பக்கமும் வைத்து, நகம் அளவுக்கு முனை மட்டும் வெளியே விட்டு இழுக்கிறேன். இரண்டரை அங்குலக் கத்தியில் இது சுலபமாக வருகிறது. நாலு அங்குலத்தில் விரல் முனைக்குப் போனால் பிடி எங்கேயோ பின்னால் ஆடிக்கொண்டு இருக்கும்.

இன்னொன்று, எங்கள் தளத்துக்குள் சொந்தக் கத்தியே இப்போது போகாது. உடைந்த ஊசிக்குக் கணக்கு எழுதுகிற மாதிரி கத்தரிக்கும் கட்டருக்கும் கணக்கு. கத்தரியை மேசையோடு கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். என் கத்தி காலையில் வாட்ச்மேன் அண்ணனிடம், மாலையில் என்னிடம். பகல் முழுக்க அவர்தான் அதில் ஆப்பிள் சாப்பிடுகிறார்.

கோபி டீச்சர்

ஆண்கள் எல்லாம் அங்குலக் கணக்குப் பேசுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. என்னிடம் இருப்பது விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் கம்பெனியின் சின்னக் கத்தி, மடக்கினால் 58 மி.மீ. கைப்பையில் இருப்பதே தெரியாது. உறை பிரிக்க, பூச்சரத்தில் நூல் அறுக்க, பிள்ளைகளின் கைவேலைக்கு அட்டை கீற, பென்சில் சீவ என்று எனக்கு அது எல்லா நாளும் போதும்.

போதாத ஒரு நாள், தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்தபோது வந்தது. வழியில் கொய்யா வாங்கினோம், நல்ல பெருத்த கொய்யா. நாலாகப் பிளக்கலாம் என்று பார்த்தால் அலகு பாதிப் பழத்திலேயே நின்றுவிட்டது. சுற்றிச் சுற்றிக் கீறி, கடைசியில் கையால் பிட்டுத்தான் கொடுத்தேன். எங்கள் கூட்டத்தில் ஒரு அண்ணா அதே கம்பெனியின் 91 மி.மீ கத்தி வைத்திருந்தார். அதில் பெரிய அலகு 7 செ.மீ பக்கம் வரும். கொய்யா, வெள்ளரி, ஆரஞ்சு எல்லாம் அவரிடம் வரிசையில் நின்றன. பழம் நறுக்க வேண்டுமென்றால் பழத்தின் குறுக்களவை அலகு தாண்ட வேண்டும், அந்தக் கணக்கு ஒன்றுதான். தர்ப்பூசணிக்கு இதில் எந்தக் கத்தியும் ஆகாது, வீட்டில் போய் அரிந்துகொள்ளுங்கள்.

விமானத்தில் போகிறவர்கள் கவனம். சாவியோடு கோத்திருந்த என் முதல் கத்தி கைப்பையில் இருப்பதையே மறந்து போய், சோதனையில் அதைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். சின்னதுதானே என்ற பேச்சு அங்கே எடுபடாது. சரக்குப் பெட்டியில் போட்டிருக்க வேண்டும், தப்பு என்னுடையதுதான்.

சங்ககிரி லாரி

தார்ப்பாய்க் கயிறு, ரப்பர் வளையம், வழியில் சமையலுக்கு வெங்காயம். எனக்குக் கத்தி இதற்குத்தான். மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குக் காரணம் உண்டு.

நம்ம ஊரில் யாரும் கேட்பதில்லை. 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவை அதிலும் விலக்கு. ஆனால் டெல்லியில் 1980-இல் வந்த ஒரு அறிவிப்பு இருக்கிறது. பட்டன், ஸ்பிரிங் வைத்துத் திறக்கிற கத்திகளில் அலகு 7.62 செ.மீ நீளமும் 1.72 செ.மீ அகலமும் தொட்டால் வம்பு. 7.62 என்பது சரியாக மூன்று அங்குலம். வடக்கே சரக்கு ஏற்றுகிற தம்பிகள் பட்டன் கத்தியே வாங்க வேண்டாம். நகத்தால் திறக்கிற சாதாக் கத்தி போதும். இங்கிலாந்திலும் இதே மூன்று அங்குலம்தான் கணக்கு என்று அங்கே இருக்கிற மச்சான் சொன்னான். மூன்றுக்கு மேல் போகாமல், விரித்த அலகு மடங்காமல் பிடித்துக்கொள்கிற லாக்கும் இல்லாமல் இருந்தால்தான் காரணம் சொல்லாமல் பையில் வைத்திருக்கலாமாம்.

டயர் இடுக்கில் மாட்டிய கல்லைக் கத்தி முனையால் நெம்பாதீர்கள். இரண்டு முனை ஒடித்திருக்கிறேன். ஸ்குரூ டிரைவர் எதற்கு இருக்கிறது?

தென்னந்தோப்பு, பொள்ளாச்சி

லாக் என்று அண்ணன் சொன்னதால் இது. சொட்டுநீர்க் குழாயில் ஓட்டை போடும் கருவி கையில் இல்லை, கத்தி முனையால் குத்தினேன். லாக் இல்லாத கத்தி. அலகு அப்படியே மடங்கி விரலில் உட்கார்ந்தது, நாலு தையல். அலகு இரண்டு அங்குலமா மூன்றா என்பது அந்த நேரத்தில் எனக்கு முக்கியமாகப் படவில்லை. அறுக்க மட்டும்தான் என்றால் லாக் இல்லாமல் சமாளிக்கலாம். குத்துகிற பழக்கம் இருந்தால், ஓபினெல் மாதிரி வளையத்தைத் திருப்பி அலகைப் பூட்டுகிற கத்தியாவது வாங்குங்கள். அதில் 8-ஆம் நம்பருக்கு 8.5 செ.மீ அலகு, கனம் குறைவு, விலையும் அவ்வளவில்லை. மரப்பிடிக் கத்தி எதுவானாலும் நனைந்தால் பிடி ஊதித் திறக்க அடம்பிடிக்கும், அதையும் தெரிந்து வாங்குங்கள்.

நீளத்தை மட்டும் பார்த்து அலகின் தடிப்பை விட்டுவிடுகிறோம் என்பதும் என் எண்ணம். முதுகு நாலு மி.மீ இருக்கிற அலகு மாங்காயை அறுக்காது, பிளக்கும். இரண்டு மி.மீ போதும். கொட்டாங்குச்சியிலிருந்து தேங்காய்ப் பத்தை நெம்புகிறவன் மட்டும் கொஞ்சம் தடிப்பாக, கட்டையாக வாங்கிக்கொள்ளட்டும்.

மஞ்சள்காட்டான், கொடுமுடி

எல்லாருக்கும் நன்றிங்க. வாங்கிவிட்டேன்.

வாங்கும் முன் ஒரு வேலை செய்தேன். அட்டையில் 8, 9, 10, 12 செ.மீ நீளத்துக்குத் துண்டு வெட்டி, இரண்டு மூன்று மடிப்பாக ஒட்டி, மடக்கிய கத்தி மாதிரி ஒவ்வொன்றாகப் பட்டாபட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் தோட்டத்தில் திரிந்தேன். பம்புசெட்டு ஏறி, வரப்பில் உட்கார்ந்து, வண்டி ஓட்டிப் பார்த்தேன். வீட்டில், உங்களுக்கு என்ன ஆச்சு என்றார்கள். 12 காலையிலேயே குத்தியது. 10 உட்கார்ந்தால் மட்டும் தெரிந்தது. 9 இருப்பது மறந்தே போனது. அதனால் மடக்கினால் 9 செ.மீ சொச்சம், அலகு 7, முதுகு இரண்டு மி.மீ, லாக் உண்டு. நாலு விரலும் பிடியில் உட்காருகிறது, சுண்டு விரல் கொஞ்சம் இடித்துக்கொண்டு.

அதோடு அப்பாருவின் பேனாக்கத்தியையும் ஆத்தாவின் தகரப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தேன். அலகு இப்போது இரண்டு அங்குலம்கூட இல்லை, நகம் வைக்கும் பள்ளமே தேய்ந்துபோய் குறடு வைத்துத்தான் திறக்க முடிந்தது. பிடிக்குள் அலகு படுக்கிற காடியை அளந்தேன். 7 செ.மீ சொச்சம். புதிதாக இருந்தபோது அவரும் கிட்டத்தட்ட இதே அளவுதான் வைத்திருந்திருக்கிறார்.

புதுக் கத்தியை நேற்று அத்தை வீட்டில் வெளியே எடுத்தேன். இந்த முறை யாரும் பின்னால் போகவில்லை. கொய்யா நறுக்க வேண்டும் என்று அத்தையே கேட்டு வாங்கினார். இன்னும் திரும்பி வரவில்லை.