ராணுவ ஒர்க்‌ஷாப்பில் பழகின டிங்கரிங் வெளியில் கார் வேலைக்குப் போதுமா?

கேள்வி:
ராணுவ வண்டிகளையும் கருவிகளையும் பழுது பார்க்கிற இஎம்இ பிரிவுல வெஹிக்கிள் மெக்கானிக்கா இருக்கேன், ஓய்வுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. ஊர்ல டிங்கரிங் கடை போடுற எண்ணம். இங்கே கிடைக்கிறது ஜிப்சி ஜீப், ஸ்டாலியன் லாரியோட கதவும் மட்கார்டும்தான். இது போதுமா? அப்புறம், பெயிண்ட் அடிச்சு ரெண்டு வாரத்துல, பள்ளத்தை நிரப்பின பட்டியோட ஓரம் கோடா தெரியுது. ஏன்?

பதில் 1:
கை பழகும் தம்பி, ஆனா பாதிதான். ஜிப்சி, ஸ்டாலியன் ரெண்டுக்கும் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், தனி. இப்போதைய கார்ல பாடியே சேஸிஸ். கூரையைத் தாங்குற பில்லரை கேஸ் வெச்சு சூடாக்கி இழுத்தா உயர்வலு ஸ்டீலோட பலம் போயிடும். பார்வைக்கு ஒண்ணும் தெரியாது, அடுத்த மோதல்லதான் தெரியும்.

கார் வெளித்தகடு சுமார் 0.7 மி.மீ. ஒடுக்கைச் சுத்தி ஒரு மேடு நிக்கும் பாருங்க, அதை முதல்ல இறக்கணும். உள்ளே பள்ளத்துக்குப் பின்னாடி டாலியை (கைப்பிடி இரும்புக் கட்டை) அழுத்திப் பிடிச்சு, வெளியே மேட்டை மெதுவா தட்டினா பள்ளம் தானா எழும்பும். டாலி இருக்கிற இடத்துக்கு நேர் மேலேயே அடிச்சுக்கிட்டிருந்தா தகடு நசுங்கி விரியும். அப்புறம் கட்டைவிரலால அமுக்கினா ‘டொக்’னு உள்ளே போயிட்டு வெளியே வரும். அதைப் பட்டி போட்டு மறைச்சா வெடிக்கும்.

பதில் 2:
ஓரம் தெரியறதுக்குப் பெரும்பாலும் ரெண்டு காரணம். பழைய பெயிண்ட் விளிம்பைச் சரிவா தேய்க்காம அதுமேல பட்டியை ஏத்துறது ஒண்ணு. 80 நம்பர் உப்புத்தாள் பேப்பர் போட்ட கீறல் மேலேயே பிரைமர் அடிக்கிறது இன்னொண்ணு. தின்னர் கீறலுக்குள்ள இறங்கி, ஆவியானதும் பெயிண்ட் அமுங்கிடும்.

வெறும் தகடு மேல, இல்லேன்னா எபாக்ஸி பிரைமர் மேல பட்டி போடணும். 100 கிராம் பட்டிக்கு, அதை இறுக வைக்கிற ஹார்ட்னர் 2 கிராம். சீக்கிரம் காயட்டும்னு கூடப் போட்டா மேல்பெயிண்ட்ல கறை ஊறும். கனம் 3 மி.மீ. தாண்ட வேண்டாம். 80, 180, 320-னு தேய்ச்சு, ஹார்ட்னர் கலக்கிற 2கே பிரைமர் அடிச்சு, நல்லா காய்ஞ்ச பிறகு 800 வாட்டர் பேப்பர். பட்டியை மட்டும் தண்ணி போட்டுத் தேய்க்காதீங்க, உறிஞ்சி வெச்சுக்கிட்டுப் பின்னாடி கொப்புளம் விடும்.

பதில் 3:
ஒண்ணு விட்டுப்போச்சு. பட்டாளத்து வண்டிக்கு அடிக்கிறது மேட் பச்சை, அது சின்ன அலையை மறைச்சிடும். பளபளப்பான கிளியர் கோட் மறைக்காது, டியூப்லைட் நிழல் கதவுல வளைஞ்சே காட்டிக் கொடுத்துடும். லீவுல காயலான் கடையில ஒரு கார் கதவு வாங்கி, கருப்பு அடிச்சுப் பாருங்க. கருப்புல தேறினா எந்தக் கலர்லயும் தேறும்.

2கே ஹார்ட்னர்ல ஐசோசயனேட்னு நுரையீரலைக் கெடுக்கிற ரசாயனம் இருக்கு. துணி மாஸ்க் பிரயோஜனமே இல்லை, வெளிக்காத்து தர்ற மாஸ்க்தான் சரி. ஆஸ்துமா வந்துட்டா அப்புறம் ஸ்ப்ரே கன் தொடவே முடியாது.

ஓய்வுக்கு முன்னாடி டிஜிஆர் (படைவீரர் மறுவாழ்வு இயக்ககம்) பயிற்சி வகுப்புகள் உண்டு, யூனிட் ஆபீஸ்ல இப்பவே கேட்டு வைங்க. ஐடிஐ-யில பாடி ரிப்பேரும் பெயிண்டிங்கும் தனித்தனி டிரேடு. ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா பெயிண்டிங். தட்டுற கை உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு.