சிறு பயண ஓபரா: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: சில பாடகர்களும் ஒரு பியானோவும் மட்டுமே கொண்ட குழு, ஓபராவே (பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகம்) பார்த்திராதவர்களிடம் செல்லும்போது எந்தப் படைப்பைத் தேர்ந்தெடுப்பது பொருத்தமாக இருக்கும்?

பதில் 1: இத்தாலிய இசையமைப்பாளர் பெர்கோலேசியின் ‘லா செர்வா பத்ரோனா’வைப் பரிந்துரைக்கிறேன். 1733இல் நேப்பிள்ஸில், ஒரு பெரிய ஓபராவின் இடைவேளைகளில் நிகழ்த்துவதற்காக எழுதப்பட்ட இந்நகைச்சுவைக்குப் பாடுவோர் இருவரும் பேசாப் பாத்திரம் ஒன்றும் போதும். ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பணிப்பெண் தன் முதலாளியைத் தந்திரமாகத் திருமணத்திற்கு இணங்கவைக்கும் கதை என்பதால் முன்விளக்கமும் அதிகம் தேவைப்படாது.

பதில் 2: படைப்பைவிட மொழியே பெரிய தடை என்பது என் கருத்து. மொழிபெயர்ப்பைத் திரையில் காட்டினால், சிறு கூடத்தில் பார்வையாளரின் கண் பாடகரை விட்டு விலகிவிடுகிறது. ஆகவே, மெட்டின் அசையழுத்தம் சற்றுச் சிதைந்தாலும் (தூய்மைவாதிகள் பொறுத்தருள்க), கேட்போரின் மொழியிலேயே பாடுங்கள்.

பதில் 3: மின்பியானோவைக் கையோடு கொண்டு செல்லுங்கள், எல்லாக் கூடங்களிலும் சுருதி சேர்த்த பியானோ இருக்காது.