10 கிமீ பட்டியலில் என் நேரம் குறைவா வந்திருக்கு, வேற யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

மண்டபம்_அங்கன்வாடி:

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை முகுந்தராயர் சத்திரத்துல இருந்து தனுஷ்கோடி போய்த் திரும்பின 10 கிமீ ஓட்டத்துல நானும் ஓடினேன். எண் 47. நேத்து ராத்திரி பட்டியல் வந்துச்சு. எனக்கு 1:09:12, 31ஆவது இடம்னு போட்டிருக்கு. என் கடிகாரத்துல 1:12:40. கோட்டைத் தாண்டின கையோட நிறுத்தினேன், மறந்து ஓடவிடல.

எட்டு மாசமா காலையில பிள்ளைங்க சென்டருக்கு வர்றதுக்கு முன்னாடி கடற்கரை ரோட்டுல ஓடிப் பழகினவ நான். 43 வயசுல இது என் முதல் 10 கிமீ. அந்த மூணரை நிமிஷம் நான் ஓடிச் சம்பாதிச்சது இல்ல, எனக்கு வேண்டாம். என்னோட நேரத்தை எனக்குக் கொடுங்க. அடுத்த தடவை குறைச்சேனா இல்லையான்னு எதை வச்சுப் பார்ப்பேன்?

இன்னொண்ணு. போகும்போது 33:10, திரும்பும்போது 39:30. மூச்சு வாங்கல, கால் பிடிக்கல, ஆனா ரோடு நகரவே மாட்டேங்குது. பயிற்சியில என்ன குறை?

கடைசியா, இதுதான் எனக்கு மனசுல கிடந்து உறுத்துது. நம்மளோட மூணு கடல்பாசி எடுக்கிற அக்காங்க ஓடினாங்க. சேலை மேல ஆம்பளைச் சட்டை, வெறுங்கால். அதுல ஒருத்தங்க விரல்ல சுத்தின துணியைக்கூட இன்னும் அவுக்கல. பாறையில மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும்போது விரல் கிழியாம இருக்கச் சுத்துறது அது. முந்தின நாள் போட்டது, ஈரத்துல இறுகிப்போச்சுன்னு சொன்னாங்க. எனக்கு முன்னாடியே முடிச்சிட்டாங்க, நான் கண்ணால பார்த்தேன். பட்டியல்ல மேல இருந்து கீழ வரைக்கும் தேடினேன், அவங்களைக் காணோம். ஏன்?

கீழக்கரை_22:

அக்கா, கறுப்பு டீசர்ட் போட்டுக்கிட்டு உங்களுக்குப் பத்து மீட்டர் முன்னாடி ஓடினது நான்தான். எனக்கும் குறைச்சுத்தான் வந்திருக்கு. ஜிபிஎஸ் கோளாறுன்னு நினைச்சு விட்டுட்டேன். ஆனா ஜிபிஎஸ் தூரத்துலதான் கொஞ்சம் முன்னப்பின்ன காட்டும், நேரத்துல எப்படி மூணு நிமிஷம் தப்பும்? நீங்க சொன்ன பிறகுதான் உறைக்குது. என் கூட்டாளி 9ஆவதா வந்தான், அவனுக்கு நொடி பிசகாம சரியா இருக்கு.

நேரம்_குறிக்கிறவன்:

அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சதும் நோட்டை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தேன். தப்பு எங்களோடதுதான், எப்படி நடந்துச்சுன்னு முழுசாச் சொல்லிடுறேன்.

நம்ம ஓட்டத்துல காலுல கட்டுற சிப் கிடையாது. முடிவுக் கோட்டுல ரெண்டு பேர் நிக்கிறோம். நான் ஆள் தாண்டத் தாண்ட ஸ்டாப்வாட்சை அமுக்குவேன், அது வரிசையா நேரத்தைச் சேர்த்து வச்சுக்கும். பக்கத்துல இருக்கிறவர் நெஞ்சுல குத்தியிருக்கிற எண்ணை வரிசையா எழுதுவார். வீட்டுக்கு வந்து ரெண்டு வரிசையையும் பக்கத்துல பக்கத்துல வச்சா முதல் நேரம் முதல் எண்ணுக்கு, ரெண்டாவது ரெண்டாவதுக்கு. ரெண்டு பக்கமும் ஆள் கணக்கு ஒண்ணா இருக்கிற வரைக்கும் இதுல பிசகு வராது.

அன்னைக்கு என் கையில 57 நேரம், அவர் நோட்டுல 54 எண். கூட்டத்துல கை தவறி மூணு தடவை கூட அமுக்கிட்டேன்னு நினைச்சு, கடைசியில மிஞ்சின மூணு நேரத்தை அடிச்சிட்டேன். அங்கதான் கெட்டுச்சு. கூட இருந்த மூணும் கை தவறினது இல்ல, நடுவுல வந்த பாசி அக்காங்களோடது. அச்சடிச்ச 60 எண்ணும் தீர்ந்து போனதால அவங்களுக்குக் கொடுக்க ஒண்ணும் இல்ல, பரவாயில்ல ஓடுங்கன்னு நாங்கதான் அனுப்பினோம். அவங்க தாண்டினப்போ நான் அமுக்கினேன். நெஞ்சுல எண் இல்லாததால அவர் எழுதல. போன்ல எடுத்த வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தேன்: 19, 20, 21ஆவதா மூணு பேரும் ஒட்டிக்கிட்டு வர்றாங்க. 1:03:28, 1:03:30, 1:03:31.

அதனால முதல் 18 பேருக்குச் சரி. அதுக்குப் பின்னாடி வந்த 36 பேருக்கும் தனக்கு மூணு ஆள் முன்னாடி வந்தவரோட நேரம் போயிருக்கு. உங்க சரியான நேரம் 1:12:40, இடம் 34. மன்னிச்சுக்கோங்க அக்கா. சாயங்காலத்துக்குள்ள புதுப் பட்டியல் போடுறேன். அவங்க மூணு பேர் பேரும் தெரியல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாம்பன்_நாட்டுப்படகு:

தங்கச்சி, காத்தைப் பத்தி நான் சொல்றேன். உன் பயிற்சியில குறை இல்ல. ஆனி மாசம் கச்சான், அதான் மேல்காத்து, அடிக்கிற காலம். அந்த ரோடு தென்கிழக்கா போகுது. போகையில காத்து முதுகுல வச்சுத் தள்ளும், நீ ஓடுறன்னு நினைப்ப, பாதி ஓட்டம் காத்தோடது. திரும்பையில அதே காத்து இடது கன்னத்துல மணலை அள்ளி அடிக்கும். மரம் மட்டை எதுவும் கிடையாது. இந்தப் பக்கம் மன்னார் வளைகுடா, அந்தப் பக்கம் பாக் நீரிணை, நடுவுல ஒத்தை ரோடு. 64 புயல்ல ஒரே ராத்திரியில ஊரே போன இடம், அங்க காத்துக்கு என்ன மறைப்பு இருக்கும்?

படகுல நாங்க செய்யறதைத்தான் நீயும் செய்யணும். போறப்போ காத்து தூக்குதேன்னு முழுசாப் பாயை விரிக்காத, திரும்புறதுக்குத் தெம்பு வச்சுக்க. வர்றப்போ கடிகாரத்தைப் பார்க்காத, மூச்சை மட்டும் பாரு. நாலஞ்சு பேரு சேர்ந்து ஓடுங்க, முன்னாடி ஓடுறவன் வலது தோளுக்குப் பின்னாடி ஒண்டிக்க, கொஞ்ச தூரத்துக்கு ஒருத்தர் மாறி முன்னாடி போங்க. ரோட்டு ஓரத்துல மணல் ஏறிக் கிடக்கும், அதுல கால் வச்சா இழுக்கும், நடுவுல ஓடு. ராமநாதபுரம் மைதானத்துல ஓடின நேரத்தை இதோட ஒப்பிடவே கூடாது.

அப்புறம் வெறும் தண்ணியை மட்டும் குடிக்காத. ஒரு லிட்டர் தண்ணிக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சீனி, தலை தட்டிப் போட்டுக் கலக்கிக்க.

நேரம்_குறிக்கிறவன்:

அண்ணே சொன்னது அத்தனையும் சரி. அடுத்து வர்றதையும் இங்கயே போட்டுடுறேன், நிறைய பேர் தனியா கேட்டுக்கிட்டு இருக்காங்க. ஞாயித்துக்கிழமை காலையில மண்டபத்துல 5 கிமீ எப்பவும் போல உண்டு, நடக்கிறவங்களும் வரலாம். ஜூலை 27 கலாம் ஐயா நினைவு நாள், அன்னைக்கு ராமேஸ்வரத்துல இருந்து பேக்கரும்பு நினைவிடம் வரைக்கும் மெதுவா ஒரு ஓட்டம், நேரமே குறிக்கல. ஆடி அமாவாசையை ஒட்டின ஞாயிறு எதுவும் இல்ல, தீவு பூரா வண்டியும் ஜனமுமா இருக்கும்.

அரை மாரத்தான் எப்போன்னு கேட்கிறவங்களுக்கு: கச்சான் ஓயட்டும். 2017ல திறந்த ரோடு சத்திரத்துல இருந்து அரிச்சல்முனைக்கு 9.5 கிமீ, போக வர 19. 21.1 வேணும்னா சத்திரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல தள்ளி ஆரம்பிச்சு அங்கயே முடிக்கணும். சைக்கிள் சக்கரத்தை வச்சு அளந்துக்கிட்டு இருக்கோம். தண்ணி எங்கெங்க வைக்கிறதுன்னு முடிவானதும் தேதி சொல்றேன்.

மண்டபம்_அங்கன்வாடி:

தம்பி, புதுப் பட்டியல் பார்த்தேன். 1:12:40, 34. மனசு நிறைஞ்சுபோச்சு. அண்ணே, நீங்க சொன்ன மாதிரி இனி முன்னாடி ஓடுறவங்க பின்னாடி ஒண்டிக்கிட்டு ஓடிப் பார்க்கிறேன்.

19, 20, 21க்கு நேரா "பேர் தெரியவில்லை"ன்னு இருந்துச்சு. அதைப் பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியல. செவ்வாய்க்கிழமை சென்டர் முடிச்சு பஸ் ஏறி அவங்க குடிசைக்கே போயிட்டேன். முற்றத்துல பாசியை விரிச்சுக் காயப்போட்டிருந்தாங்க. 19ஆவதா வந்தவங்ககிட்ட நேரத்தைச் சொன்னேன். "ஒரு மணி நேரமா ஓடினோம்?"னு கேட்டுட்டு, மத்த ரெண்டு பேரையும் கூப்பிட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னாங்க. மூணு தடவை சொன்னேன். பேரையும் வாங்கிட்டேன், உங்களுக்குத் தனியா அனுப்புறேன், பட்டியல்ல ஏத்திடுங்க.

அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். தண்ணி வத்தற நாள் பார்த்துத்தான் அவங்க கடல்ல இறங்குறாங்க. அந்த நாள்ல ஓட்டம் வச்சா வர முடியாது, ஒரு நாள் கூலி போயிடும். அரை மாரத்தானுக்குத் தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி அவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. எண் அடிக்கும்போது 61, 62, 63ஐ யாருக்கும் கொடுக்காம எடுத்து வச்சிருங்க தம்பி. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.