கையில் 24-105 லென்ஸ் இருக்கும்போது 70-200 வாங்கினால் பாதி வீண்தானா?

வடம்பிடி:
வணக்கம். திருவாரூர்க்காரன். கேனன் 6டி மார்க் 2 கேமரா, கூடவே 24-105 எம்எம் எஃப்/4 எல் லென்ஸ், இரண்டாம் பதிப்பு (எம்எம் ஏற ஏறத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் நுழையும்). ஒரே பாடிதான், அதாவது லென்ஸ் மாட்டும் கேமரா ஒன்றுதான். தேர், கோயில் விசேஷம், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், இவ்வளவுதான் நான் எடுப்பது.

கொஞ்சம் எட்டிப் பிடிக்க இன்னொரு லென்ஸ் வேண்டும். செகண்ட் ஹேண்டில் இரண்டு கண்ணில் பட்டன: 70-200 எஃப்/2.8 எல் ஐஎஸ் 2, 100-400 எல் ஐஎஸ் 2 (ஐஎஸ் என்பது கை ஆட்டத்தைக் குறைக்கும் வசதி). நண்பன் சொல்கிறான், "70 முதல் 105 வரை உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு எதற்கு மறுபடியும் காசு? 100-400 எடுத்தால் 24 முதல் 400 வரை வரிசையாக வந்துவிடும்" என்று. கேட்கும்போது சரியாகத்தான் இருக்கிறது.

இன்னொரு யோசனையும் ஓடுகிறது. 24-105ஐ விற்றுவிட்டு 24-70 எஃப்/2.8 எடுத்தால் 70-200ஓடு அப்படியே பொருந்தும், எதுவும் இரட்டிப்பாகாது. எது நல்லது?

குருவிக்காரன்:
100-400. யோசிக்கவே வேண்டாம். உங்கள் மாவட்டத்திலேயே பறவைகள் வரும் வடுவூர் ஏரி இருக்கிறது. சீசனில் போய் நின்று பாருங்கள், 400ஏ பற்றாது என்பீர்கள். ஏற்கெனவே இருக்கும் எம்எம்முக்கு யாராவது பணம் கொடுப்பார்களா?

மேளச்சத்தம்:
குருவிக்காரரே, தம்பி பறவையைப் பற்றிக் கேட்கவே இல்லையே! நான் மதுரையில் கல்யாணம் எடுத்துப் பிழைப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

தம்பி, முதலில் எம்எம்மைக் கழித்துப் பார்ப்பதை விடுங்கள். லென்ஸில் எத்தனை மடங்கு என்பதுதான் கணக்கு. 70க்கும் 105க்கும் நடுவே 35 எம்எம், 16க்கும் 24க்கும் நடுவே வெறும் 8. ஆனால் இரண்டுமே ஒன்றரை மடங்கு. நின்ற இடத்திலேயே நின்று எடுத்தால் படத்தில் ஆள் பெரிதாவது இரண்டிலும் ஒரே அளவுதான். அதனால் 35 என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம்.

அடுத்தது, அந்த 70-105இல் என்ன எடுக்கிறோம்? மணமேடைக்கு முன்னால் நின்றால் மாப்பிள்ளை பெண் இருவரும் இடுப்பளவு, கண் கலங்கி நிற்கும் அம்மாவின் முகம், தாலி முடிச்சுப் போடும் கை எல்லாம் கிட்டத்தட்ட அங்கேதான் விழும். 24-70, 70-200 என்று ஒட்டி ஒட்டி வாங்கினால் சரியாக அந்த இடத்தில்தான் லென்ஸ் மாற்ற வேண்டி வரும். கெட்டிமேளம் முழங்கும்போது 90இல் முடிச்சு வேண்டும், அடுத்த நொடி அட்சதை பறக்கும் மேடை முழுக்க 28இல் வேண்டும். கழற்றி மாட்ட எங்கே நேரம்? இரண்டு தோளிலும் இரண்டு பாடி தொங்கவிடுபவர்களுக்கு 24-70 அருமையான லென்ஸ்தான். ஒற்றை பாடிக்காரர் 24-105ஐ விற்கக் கூடாது.

100-400ஐ மண்டபத்துக்குள் நினைத்துப் பாருங்கள். கேமராவைப் படுக்கையாகப் பிடித்து ஒரு ஆளைத் தலை முதல் கால் வரை அடக்க, 70இல் ஆறரை மீட்டர் தள்ளி நின்றால் போதும். 100இல் ஒன்பது மீட்டர் வேண்டும். அந்த இரண்டரை மீட்டரில் இரண்டு வரிசை நாற்காலியும் ஒரு வீடியோக்காரரும் இருப்பார்கள், வீடியோக்காரர் நகரவே மாட்டார்.

வெளிச்சம் தனிக் கதை. ஒரே ஷட்டர் வேகத்துக்கு எஃப்/2.8இல் ஐஎஸ்ஓ (கேமராவின் வெளிச்ச உணர்திறன், ஏற ஏறப் படம் புள்ளி விழும்) 3200 என்றால் எஃப்/4இல் 6400, 100-400ஐ முழுக்க நீட்டினால் வரும் எஃப்/5.6இல் 12800. அப்புறம் 24-105இன் 90உம் 70-200இன் 90உம் எப்படி ஒன்றாகும்? அதைப் போய் வீண் என்கிறீர்களே.

கிட்லென்ஸ் ராணி:
அண்ணா, என்னிடம் 18-55உம் 70-300உம். நடுவே 55 முதல் 70 வரை ஓட்டை. அதை அடைக்க ஏதாவது வாங்க வேண்டுமா? கேமரா 24 மெகாபிக்சல்.

மேளச்சத்தம்:
வேண்டவே வேண்டாம்மா. மூன்று மீட்டரில் நிற்கும் ஆளை 55இல் எடுக்கிறீர்கள் என்றால், அறுபது சென்டிமீட்டர் முன்னால் போனாலே 70இல் வரும் அளவு வந்துவிடும். முப்பது மீட்டர் தள்ளி நிற்கும் தேருக்கு ஆறு மீட்டர் நடக்க வேண்டும், கூட்டத்தில் அது நடக்காது, சரி. அப்போது எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். 55இல் எடுத்ததை 70 அளவுக்கு வெட்டினாலும் 14, 15 மெகாபிக்சல் மிஞ்சும். ஏ4 பிரிண்டுக்கு 9 போதும்.

வடம்பிடி:
நன்றி அண்ணா, 24-70 யோசனையை விட்டுவிட்டேன். லைட்ரூம் மென்பொருளில் மெட்டாடேட்டா ஃபில்டரைத் திறந்து, எந்தப் படம் எத்தனை எம்எம்மில் (ஃபோகல் லெங்த்) எடுத்தது என்று பார்த்தேன். கல்யாணப் படங்கள் 60க்கும் 105க்கும் நடுவே பரவிக் கிடக்கின்றன. தேர்ப் படங்கள் இரண்டு குவியல். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர்களைப் பக்கத்தில் நின்று எடுத்ததெல்லாம் 24-35. மீதி முழுக்க 105லேயே இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆழித்தேர் 96 அடி ஆயிற்றே, மேலே நிற்பவர்களின் முகம் எட்டுவதில்லை. அதற்கு 200 போதுமா?

மேளச்சத்தம்:
அந்த 105 குவியலை மட்டும் திறந்து, எவ்வளவு வெட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பாதி அகலத்துக்கு வெட்டியிருந்தால் உங்களுக்கு வேண்டியிருந்தது 210, அதாவது 70-200 போதும். கால்வாசிக்கு வெட்டியிருந்தால் 400 பக்கம் போகிறது, குருவிக்காரர் ஜெயித்தார். இரண்டுக்கும் நடுவே நின்றால் 70-200ஓடு கேனனின் 1.4 எக்ஸ்டெண்டர் மூன்றாம் பதிப்பு (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டி எம்எம்மை 1.4 மடங்காக்குவது) போடலாம், 98-280 எஃப்/4 ஆகிவிடும். தேர் பகலில்தானே, எஃப்/4 தாங்கும்.

குருவிக்காரன்:
280இல் கொக்கு வரும். மீன்கொத்தி வராது.

மேளச்சத்தம்:
அது உங்கள் கவலை! தம்பி, 70-200 எஃப்/2.8 ஒன்றரைக் கிலோ வரும், பார்க்கப் போகும்போது உங்கள் பாடியில் மாட்டி அரைமணி நேரமாவது கையில் வைத்திருங்கள். பின்பக்கமிருந்து மொபைல் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா பாருங்கள், நம் ஊர் ஈரத்துக்கு அதுதான் முதல் எதிரி. 200இல் வைத்து ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் வியூஃபைண்டரில் படம் ஆடாமல் நிற்க வேண்டும். டிரைபாட் காலரைக் கழற்றி வைத்துக்கொண்டு விற்பவர்களும் உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள். ஃபில்டர் புதிதாக வேண்டாம், உங்கள் 24-105க்கும் இதற்கும் 77 எம்எம்தான்.