மறு: டிம் வெளிச்சத்தின் மேல்கோட்டுக்குத் தமிழ்ச் சொல் – ‘ஒளிவரப்பு’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

காரின் ஹெட்லைட்டுக்கு முகப்பு விளக்கு என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. தாழ்கதிர், உயர்கதிர் இரண்டையும் ஒப்புக்கொண்டுவிட்டோம் (டிரைவர்கள் டிம், பிரைட் என்றுதான் சொல்லப்போகிறார்கள், அது வேறு). பாக்கி இருப்பது, டிம் வெளிச்சத்தின் மேல் எல்லையாக நிற்கிற அந்தக் கோடு ஒன்றுதான் (ஆங்கிலத்தில் ‘கட்-ஆஃப்’).

> தம்பி, டிம்மைச் சுவரில் அடித்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம். நடுவில் கீறினாற்போல் ஒரு கோடு நிற்கும். ‘வெட்டுக்கோடு’ என்றால் போதாதா?

போதாது ஐயா. வெட்டுக்கோடு என்றதும் தச்சர் பலகையை அறுக்கும் முன் பென்சிலால் போடுகிற கோடுதான் நினைவுக்கு வரும். இங்கே யாரும் எதையும் அறுக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘கட்’ இருப்பதால் நாமும் வெட்ட வேண்டியதில்லை. அந்தக் கோடு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

நம் ஊர்க் கார்கள் பலவற்றில் இருப்பது எச்-4 என்கிற ஹாலஜன் பல்பு. ஒரே கண்ணாடிக் குப்பிக்குள் இரண்டு இழைகள்: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழையின் அடியில் சின்னதாக ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும். கீழே போகிற ஒளியை அது மறித்துவிடும். மீதி ஒளி பிரதிபலிப்பானின் மேல்பாதியில் மட்டும் பட்டு, சாலையைப் பார்த்துக் கீழே இறங்கும். கிண்ணத்தின் விளிம்புதான் சுவரில் கோடாகத் தெரிகிறது. அதன் ஒரு பக்கம் 15 டிகிரி சாய்ந்திருப்பதால், இடப்பக்கம் ஓட்டுகிற நம் நாட்டில் கோடு இடது ஓரத்தில் மேலே ஏறும். நடந்து போகிறவர், சைக்கிள், பெயர்ப்பலகை எல்லாம் தெரிய வேண்டுமே! எதிரே வண்டி வருகிற வலப்பக்கத்தில் மட்டும் ஏறாது. ஆக, அது ஒளியைத் தேக்கி, போகக்கூடாத பக்கம் போகாமல் தடுக்கிற ஒன்று.

இப்போது என் சொந்தக் கதை. வெளிச்சம் போதவில்லை என்று ஒரு கடையில் எல்.இ.டி. பல்பு மாட்டிக்கொண்டேன். அன்று இரவு திண்டிவனம் தாண்டுவதற்குள் எதிரே வந்தவர்கள் எல்லாம் பிரைட் அடித்து அடித்துக் காட்டினார்கள். நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன்! ஹாலஜன் இழைக்காக வளைத்த பிரதிபலிப்பானுக்கு இழை இருக்கும் இடம் ரொம்ப முக்கியம். நான் வாங்கிய பல்பில் ஒளி தருகிற சில்லு இருந்த இடமும் பரப்பும் வேறு. ஒளி கண்டபடி சிதறிவிட்டது.

மறுநாளே அதைக் கழற்றிவிட்டுப் பழைய 60/55 பல்புக்குத் திரும்பினேன். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் பாட்டரியில் 13.8 வோல்ட், பல்பின் காலில் 12.2. வழியிலேயே தொலைகிறது. வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் ஹாலஜனில் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். எனவே பாட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸ் வைத்து, தடித்த வயரில் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) போட்டேன். ரிலேயின் 30-ஆம் காலுக்குப் பாட்டரி, 87-இலிருந்து பல்பு, பழைய சுவிட்ச் வயர் 86-க்கு, 85 பாடியில் எர்த். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. (ரிலேக்குத் தமிழ் தேடும் சண்டையை வேறு மடலில் வைத்துக்கொள்வோம்.) 100/90 வாட் பல்பு போடச் சொல்லிச் சிலர் தனிமடல் அனுப்பியிருந்தார்கள். வேண்டாம், சட்டப்படியும் தவறு, பல்பைச் செருகுகிற கப்ளரும் உருகும்.

அப்புறம் சுவர். டயரில் காற்று சரி பார்த்து, டிரைவர் சீட்டில் மகனை உட்காரவைத்து, விளக்கின் உயரத்தைச் சுவரில் டேப் ஒட்டிக் குறித்தேன்: 65 செ.மீ. காரை 5 மீட்டர் பின்னால் எடுத்தால் கோடு 5 செ.மீ. கீழே, அதாவது 60-இல் நிற்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று சரிவு. அப்படி இருந்தால் வெளிச்சம் 65 மீட்டரில் தரையைத் தொடும். விளக்கை ஏற்றி இறக்கும் திருகு அரை டிகிரிக்குச் சற்று மேல் பிசகினாலே கோடு தரைக்கு இறங்காமல் மட்டமாகப் போய்விடும்; இன்னும் ஏறினால் எதிராளி கண்ணுக்குத்தான்.

ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “என்னடா, வரப்பு கட்டுன மாதிரி நிக்குது!” என்றார். நான் திருகைத் தப்பாகத் திருப்பியபோது, “வரப்பு ஏறுதுடா, எறக்கு.” ஒப்பிட்டுப் பார்க்க எல்.இ.டி.யை ஒருமுறை திரும்ப மாட்டியதும், “இதுல வரப்பே ஒடஞ்சு போச்சே!”

எனக்கு அங்கேயே சொல் கிடைத்துவிட்டது: ஒளிவரப்பு. ஏறுகிறது, இறங்குகிறது, உடைகிறது என்று வினைச்சொற்களையும் கூடவே கூட்டிவருகிறது. வெட்டுக்கோட்டை எப்படி உடைப்பீர்கள்?

> ஒளியியலில் வயல்வெளியைக் கொண்டுவருவது கொஞ்சம் நாட்டுப்புறமாகத் தெரிகிறது.

மின்புலம், காந்தப்புலம் என்று எழுதும்போது யாரும் கூச்சப்படுவதில்லையே. புலம் என்றாலும் வயல்தான். மின்னோட்டத்தில் ஓடுவது தண்ணீரைப் பார்த்து வைத்த பெயர். புலம் இருக்கும் இடத்தில் வரப்பும் இருக்கட்டும்.

> எங்கட பக்கம் அதை வரம்பு எண்டுதான் சொல்லுறது. ‘ஒளிவரம்பு’ எண்டு வைச்சால் எல்லை எண்ட பொருளும் சேர்ந்து வருமே?

இந்த யாழ்ப்பாண நண்பரின் மடல்தான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. அழகான சொல். வரம்பு மீறுதல் என்பதும் எல்.இ.டி. கதைக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் தமிழ்நாட்டில் வரம்பு வயலை விட்டு அலுவலகத்துக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. வேக வரம்பு, வயது வரம்பு, நில உச்சவரம்பு என்று பழகியவர் ஒளிவரம்பு என்று படித்தால், விளக்குக்கு அனுமதித்த அதிகபட்ச ஒளி என்றுதான் எடுத்துக்கொள்வார். வாகன விதிகளில் அப்படி ஒரு அளவும் இருப்பதால் குழப்பம் நிச்சயம். என் ஓட்டு ஒளிவரப்புக்கே. இலங்கை நண்பர்கள் ஒளிவரம்பு என்று எழுதினாலும் எனக்குப் புரியும்.

புரொஜெக்டர் விளக்கில் கிண்ணம் கிடையாதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே பல்புக்கும் வில்லைக்கும் நடுவில் ஒரு தகடு நிமிர்ந்து நிற்கிறது. வில்லை பிம்பத்தைத் தலைகீழாக்குவதால் தகட்டின் மேல்விளிம்பே கோடாகிறது. அந்தத் தகட்டை ‘வரப்புத் தகடு’ என்று சொல்லிப் பாருங்கள், விளக்கமே தேவையில்லை.

ஒரே ஒரு சங்கடம் உண்டு. வயலில் வரப்பு உயர்வது நல்ல சேதி, இங்கே உயர்ந்தால் எதிரே வருகிறவர் பாடு திண்டாட்டம். இதற்காகச் சொல்லைத் தள்ள வேண்டுமா என்று மூத்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு அவ்வளவு பெரிய குறையாகப் படவில்லை.

கோடு இடப்பக்கமாக மேலே மடங்கத் தொடங்குகிற அந்தப் புள்ளிக்குத்தான் இன்னும் பெயர் இல்லை. ஆங்கிலத்தில் ‘எல்போ’ என்பதற்காக ‘முழங்கை’ வேண்டாம், அதுவும் ஆங்கிலத்து உடம்பு. தெரு திரும்புகிற இடத்தை முடக்கு என்போமே, அதை வைத்து ‘வரப்பு முடக்கு’ என்று எழுதலாமா? முடக்குவாதம் நினைவுக்கு வந்து உறுத்துகிறது. ஊர்ப்பக்கம் வரப்பு திரும்பும் மூலைக்கு உங்கள் வீடுகளில் என்ன சொல் புழங்குகிறது என்று கேட்டு எழுதுங்கள். சித்தப்பாவைக் கேட்டேன், “மூலைதான், வேற என்ன?” என்று முடித்துவிட்டார்.